படத்தில் தெரியாத ஆறு மீட்டர்

பழைய துறைமுகத்தையோ கப்பல் கட்டும் தளத்தையோ இடித்துவிட்டு அங்கே புது நகர்ப்பகுதி கட்டப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தால், கூடவே ஒரு படமும் வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாயங்கால வெயில், கண்ணாடிக் கட்டடங்கள், தண்ணீரில் ஒரு துடுப்புப் படகு, கையில் பலூனோடு ஒரு குழந்தை, சைக்கிளில் ஒரு தாத்தா. எந்த நாட்டுத் திட்டமாக இருந்தாலும் இதே ஆட்கள்தான். எங்கிருந்து பிடித்து வருகிறார்களோ. மரங்கள் மட்டும் நட்ட மறுநாளே இருபது வருஷ வளர்த்தியில் நிற்கும்.

அந்தப் படத்தில் என் கண் போவது தரைக்கு. நான் மண் பரிசோதனைக்காரி. பழைய தொழிற்சாலை நிலங்களில் துளை போட்டு, கீழே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் இப்படிப்பட்ட திட்டங்களைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. அந்த இடம் நாளைக்கு எப்படி இருக்கும், யாருக்கு இருக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது மேலே உள்ள ஐந்தாறு மீட்டர் மண்ணும், அதைச் சரிசெய்யும் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதும்தான். கட்டட வடிவமைப்பாளர் அதற்கப்புறம்தான் வருகிறார்.

கரையோரத் தொழிற்சாலை நின்ற இடம் பெரும்பாலும் இயற்கையான நிலம் கிடையாது. சதுப்பையும் ஆழமில்லாத தண்ணீரையும் தூர்த்து உண்டாக்கியது. தூர்க்க எது கிடைத்ததோ அதைப் போட்டார்கள்: கொதிகலன் சாம்பல், உலைக் கசடு, இடித்த வீட்டின் செங்கல், கப்பல் வர வழி ஆழப்படுத்தியபோது வாரிய சேறு. அதன்மேல் நூறு வருஷம் தொழில் நடந்தது. சரக்கு ஏற்றி இறக்கவும், இயந்திரத்தைக் குளிர்விக்கவும், கழிவைத் திறந்துவிடவும் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. தொழில் அங்கே வந்ததே அதற்காகத்தான்.

துளைக்கருவி மேலே கொண்டுவரும் மண்ணை நீளவாட்டில் கிடத்தி, கத்தியால் பிளந்து பார்ப்போம். எரிவாயு ஆலை நின்ற ஒரு கரையில் எடுத்ததைச் சொல்கிறேன். மேலே காங்கிரீட் தூள். அடுத்து கறுப்புச் சாம்பல், நடுநடுவே உடைந்த பீங்கான். அதற்குக் கீழே போகும்போதே வாசனை வந்துவிட்டது. பாச்சை உருண்டை வாசனை. நிலக்கரித் தாரில் இருக்கும் நாப்தலீன்தான் அது. பிறகு ஒரு சாண் அளவுக்குப் பளீரென்று நீலம், அச்சு மையைக் கொட்டியதுபோல. நிலக்கரியைச் சூடாக்கி வாயு எடுத்த காலத்தில், அந்த வாயுவைச் சுத்தப்படுத்த இரும்பு ஆக்சைடு வழியாக அனுப்புவார்கள். வாயுவில் இருந்த சயனைடை அது பிடித்துக்கொண்டு நீலமாகிவிடும். உழைத்துத் தீர்ந்ததும் அதையே பள்ளத்தில் கொட்டி மூடிவிடுவார்கள். நீலத்துக்கும் கீழே, ஒருவழியாக, சாம்பல் நிறக் களிமண், அதில் சிறு சிப்பிகள். சிப்பி தெரிந்தால் எனக்கு ஒரு நிம்மதி. பழைய ஆற்றுப்படுகையைத் தொட்டுவிட்டோம், மனிதர்கள் கொட்டியது அதோடு முடிந்தது.

நீலத்தை எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். தொல்லை தருவது பெரும்பாலும் நிறமே இல்லாத பென்சீன். அது ஆவியாகிக் கட்டடத்துக்குள் ஏறும்.

ஒவ்வொரு தொழிலும் தன் கையெழுத்தை விட்டுப் போகிறது. கப்பல் தளம் என்றால் ஈயம், கல்நார், அப்புறம் கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசிய வண்ணத்திலிருந்த டிரைபியூட்டைல் டின் என்ற நச்சு. கப்பல்களில் அதன் பயன்பாட்டுக்கு உலக அளவில் தடை நடைமுறைக்கு வந்ததே 2008இல்தான்; சேற்றில் இறங்கியது அங்கேயேதான் கிடக்கிறது. மரக்கிடங்கு என்றால் மரம் உளுக்காமலிருக்கப் பூசும் கிரியோசோட். தோல் பதனிட்ட இடம் என்றால் குரோமியம். ஆலையின் பழைய வரைபடம் கையில் இருந்தால் எங்கே துளை போடுவது என்று பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதியைச் சொல்ல ஆள் வேண்டும்.

நான் சொன்ன அந்த எரிவாயு ஆலை நிலத்தில் வேலியோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "ஏம்மா, அங்க போட்டு என்ன கெடைக்கும்? தாரை வடிய விட்டது இந்தப் பக்கம்" என்று கைகாட்டினார். வரைபடத்தில் அந்த இடம் சைக்கிள் கொட்டகை. மேலதிகாரியிடம் மன்றாடி அங்கேயும் ஒரு துளை போட்டோம். மூன்றாவது மீட்டரில் கருவி தாரில் சிக்கி, வெளியே இழுக்க மதியமாகிவிட்டது. இந்த மாதிரித் திட்டங்களில் பழைய தொழிலாளர்களை அழைத்துவந்து நினைவலைகளைப் பதிவுசெய்து, கண்ணாடிப் பெட்டியில் அவர்கள் தொப்பியை வைப்பார்கள். அதெல்லாம் சரி. எந்தக் குழாய் எந்தக் குழிக்குப் போனது என்பதையும் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால் கோடிக்கணக்கில் மிச்சமாகும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. என்ன செய்வது? தோண்டி லாரியில் ஏற்றி வேறெங்காவது கொட்டலாம். செலவு அதிகம், அந்த "வேறெங்காவது"வில் இருப்பவர்களுக்கும் வாய் உண்டு. சிமென்ட் கலந்து இறுகச் செய்யலாம். கழுவலாம், சூடாக்கலாம், நுண்ணுயிரை விட்டுத் தின்னச் சொல்லலாம். நடைமுறையில் அதிகம் நடப்பது மூடுவது: மேலே ஒரு துணி விரிப்பு, அதன்மேல் நல்ல மண். பின்னாளில் யாராவது தோண்டினால் துணி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கரையோரத்தில் இதில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் கடல் ஏற்ற வற்றத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மேலே மூடினாலும் பக்கவாட்டில் தண்ணீர் தினம் வந்து போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க நிலத்துக்கு அடியில் சுவர் எழுப்ப வேண்டும்.

இனி அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கள். மரங்கள் ஏன் உயரமான தொட்டிகளில் நிற்கின்றன? வேர் துணியைக் கிழித்துவிடக்கூடாது. வாகன நிறுத்தம் ஏன் அடித்தளத்தில் இல்லை? தோண்டினால் தோண்டிய மண்ணுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பூங்கா ஏன் சரியாக அந்த மூலையில்? பல நேரங்களில் அங்கேதான் மண் மோசம். வீடு கட்டினால் கட்டுப்படியாகாது. பெருந்தன்மை என்று கைதட்டுவதற்கு முன் மண் அறிக்கையை ஒரு தடவை புரட்டுவது நல்லது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சியாட்டிலில் 1906 முதல் 1956 வரை ஓடிய எரிவாயு ஆலையை நிலவடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் அதன் துருப்பிடித்த கோபுரங்களோடு பூங்காவாக்கினார், 1975இல் திறந்தது. இடிபாடுகளைக் குவித்து மண் போட்டு மூடிய மேட்டில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். ஆலையை அழிக்காமல், மண்ணின் கதையையும் மறைக்காமல் செய்த வேலை அது. ஏரியில் இறங்காதே என்ற பலகையும் அங்கே உண்டு, அடிச்சேறு அப்படி.

எனக்கு மிகவும் பிடித்தது டொராண்டோவின் போர்ட் லேண்ட்ஸ். டான் ஆறு ஏரியில் சேரும் இடத்தில் பெரிய சதுப்புநிலம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தூர்த்துத் துறைமுகமும் தொழிற்பேட்டையும் ஆக்கினார்கள். ஆற்றைச் செங்கோணமாகத் திருப்பி ஒரு காங்கிரீட் வாய்க்காலில் விட்டார்கள். ஆறு செங்கோணத்தில் திரும்புமா? வெள்ள அபாயம் என்று காரணம் காட்டி, பல காலம் அங்கே புதிதாகக் கட்டவே முடியாமல் கிடந்தது. கடைசியில் வந்த தீர்வு தலைகீழானது: முதலில் ஆறு, பிறகுதான் கட்டடம். நிரப்பு மண்ணைத் தோண்டி, ஆற்றுக்குப் புதிதாக ஒரு பள்ளத்தாக்கே வெட்டினார்கள். பக்கத்து மண்ணிலிருக்கும் அழுக்கு ஏறாதபடி படுகைக்கு அடியில் தடுப்பு விரித்து, மேலே சதுப்புச் செடிகளை நட்டார்கள். 2024இல் தண்ணீர் வந்து சேர்ந்தது.

தோண்டிக்கொண்டிருக்கும்போது ஒரு விஷயம் நடந்தது. ஆழத்தில் பழைய சதுப்பின் மண் வெளிப்பட்டு, வெயில் பட்ட இடத்தில் பச்சை துளிர்த்தது. கோரையும் சம்பும். நூறு வருஷமாக எண்ணெய்த் தொட்டிகளுக்கும் நிலக்கரிக் குவியலுக்கும் கீழே உறங்கிய விதைகள். அங்கிருந்தவர்கள் அதைப் பிடுங்கிப் பாதுகாத்து வளர்த்தார்கள். இத்தனை துளைகளைப் பார்த்திருக்கிறேன், என் மண்ணிலிருந்து எதுவும் முளைத்ததில்லை. பொறாமைதான்.

தண்ணீர் பக்கவாட்டில் வருவது ஒரு தொல்லை என்றால் மேலே ஏறுவது இன்னொன்று. இதில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துப் பழைய துறைமுகத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 157 ஹெக்டேர், 1997இல் அறிவிப்பு, 2000இல் முதன்மைத் திட்டம். எல்பே நதியில் புயல் வெள்ளம் அவர்களுக்குப் புதிதல்ல. 1962இல் அந்த நகரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பழைய துறைமுகப் பகுதியோ வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே இருந்தது. சுற்றிலும் கரை கட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் கரை முழுதாக முடிந்தால்தான் அதற்குள் முதல் செங்கல் வைக்க முடியும். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கொட்ட வேண்டும், தண்ணீரும் கண்ணுக்கு மறைந்துவிடும். அதனால் கரை கட்டவில்லை. ஒவ்வொரு கட்டடத்தையும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 8, 9 மீட்டர் உயர மேடையில் ஏற்றினார்கள். தெருக்களையும் உயர்த்தினார்கள். மேடைக்குள்ளே வாகன நிறுத்தம், வாசலில் வெள்ளக் கதவு. பழைய கரையோர நடைபாதைகளை மட்டும் தாழ்வாகவே விட்டார்கள். வெள்ளம் வந்தால் நனைந்துவிட்டுப் போகட்டும். 2013 டிசம்பரில் புயல் வெள்ளம் 6 மீட்டருக்கு மேல் ஏறியது, நடைபாதை முழுகியது, குடித்தனம் நடந்தது.

இதில் எனக்குப் பிடித்தது கணக்கு. மேடையைக் கட்டுபவர் அந்தந்த மனையை வாங்கியவர். ஆகவே பாதுகாப்பு, கட்டடத்தோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. நிலம் பெரும்பாலும் நகர அரசின் கையில். விற்ற பணம் தெருவுக்கும் பாலத்துக்கும் நடைபாதைக்கும் போகிறது. மனையைக் கேட்டவுடன் எழுதிக் கொடுப்பதில்லை. முதலில் ஒதுக்கீடு மட்டும். அந்தக் காலத்துக்குள் வடிவமைப்புப் போட்டி, மண் ஆய்வு, கட்டட அனுமதி எல்லாம் வாங்குபவர் முடிக்க வேண்டும். அதன் பிறகே விற்பனை. வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருக்கும் ஆட்டம் அங்கே சுலபமில்லை. பின்னாளில் கட்டிய குடியிருப்புகளில் மூன்றில் ஒரு பங்கு மானிய வாடகை வீடுகள் என்று கேட்கவும் முடிந்தது. நிலம் கையில் இருப்பவன் வாய்க்குத்தான் மதிப்பு.

எல்லாம் சரியாகப் போனது என்று நினைக்காதீர்கள். பழைய கிடங்கின் தலையில் உட்காரவைத்த எல்பே இசை அரங்கம் 2010இல் முடிய வேண்டியது, 2017 ஜனவரியில் திறந்தது. மக்கள் வரிப்பணம் 77 மில்லியன் யூரோ என்று ஆரம்பித்து 789 மில்லியனில் நின்றது. அது மண்ணின் குற்றமில்லை, சொல்லிவிட்டேன்.

லண்டன் கப்பல்துறைகள் வேறு வழியில் போயின. 1802இல் திறந்த வெஸ்ட் இண்டியா கப்பல்துறை 1980இல் மூடப்பட்டது. கொள்கலன் கப்பல்களுக்கு அகலமான திடலும் ஆழமான தண்ணீரும் வேண்டும், நகருக்குள் இரண்டும் கிடையாது. 1981இல் ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்துப் பேரளவு அதிகாரம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் வரிச்சலுகை மண்டலம். பெரிய முதலாளிகள் வந்தார்கள். 1991இல் நாட்டிலேயே உயரமான கட்டடம், அந்தக் கப்பல்துறை இருந்த கேனரி வார்ஃபில் எழுந்தது. அப்போது அங்கே போக இருந்தது 1987இல் தொடங்கிய சிறு ரயில். அதைக் கட்டிய நிறுவனம் 1992இல் திவாலானது. சுரங்க ரயில் செலவில் பெரிய பங்கு தருகிறேன் என்று சொன்னதும் அதே நிறுவனம். அந்தப் பாதை வந்து சேர்ந்தது 1999இல். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வெற்றிதான் என்பார்கள், கோபுரங்கள் நிற்கின்றன. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்தக் கோபுரங்களில் என்ன வேலை கிடைத்தது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

ஸ்பெயினின் பில்பாவோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997இல் திறந்த குக்கன்ஹைம் அருங்காட்சியகம் ஒன்றே அந்த ஊரை மாற்றிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ நகரங்கள் வளைந்த உலோகக் கட்டடம் கேட்டு அலைந்தன. அதற்கு முன்பே கழிவுநீர் கலக்காமல் ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை தொடங்கியிருந்தது, துறைமுகம் கடல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது, 1995இல் மெட்ரோ ஓடியது, நிலம் வைத்திருந்த அரசு அமைப்புகள் சேர்ந்து 1992இலேயே ஒரு கூட்டு நிறுவனம் ஆரம்பித்திருந்தன. சாக்கடைக் குழாயை யார் படம் எடுக்கிறார்கள்?

பழைய பாரந்தூக்கிகளை அலங்காரமாக நிறுத்திவைப்பது இப்போதெல்லாம் வழக்கம். வண்ணம் பூசி, இரவில் விளக்கு போட்டு. எனக்கு அதில் மனது ஒட்டுவதில்லை. ஸ்வீடனின் மால்மோவில் 138 மீட்டர் உயரத்தில் நின்ற கோகும்ஸ் கப்பல் தளத்துப் பாரந்தூக்கியை ஒரு டாலருக்கு வாங்கி, 2002இல் தென்கொரியாவின் உல்சானுக்குக் கொண்டுபோனார்கள். ஊரே கரையில் நின்று பார்த்தது. சோகம்தான். ஆனால் அந்த இயந்திரம் அங்கே வேலை செய்தது. வான்கூவரின் கிரான்வில் தீவு இன்னும் நல்ல வழி காட்டியது: 1970களில் தொழிற்பேட்டையைச் சந்தையும் கலைக்கூடமுமாக மாற்றியபோது சிமென்ட் கலவை ஆலையை விரட்டவில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் நடுவே கலவை லாரி போய்வருகிறது. தொழில் இருந்த இடத்தில் தொழில் கொஞ்சம் மிச்சமிருந்தால் என்ன குறைந்துவிடும்?

சத்தம் குறையாது, அதுதான் குறை. கரைக்கு எதிரே துறைமுகம் இயங்கிக்கொண்டிருந்தால், வீடு வாங்கி வந்தவர் முதல் வாரமே புகார் எழுதுவார். ஹாம்பர்க்கில் இதற்கென்றே ஒரு ஜன்னல் உருவாக்கினார்கள். லேசாகத் திறந்து காற்று வாங்கினாலும் படுக்கையறைக்குள் சத்தம் அடங்கியே இருக்கும். வந்து குடியேறுபவர் வீட்டில் தடுப்பு வைக்க வேண்டும், ஏற்கெனவே இருப்பவர் தொழிலை மூடக்கூடாது. நியாயமாகத்தான் படுகிறது.

கடைசியாகக் கரைச்சுவர். நிலம் தண்ணீரில் சரியாமல் பிடித்து நிற்பது அதுதான், பல இடங்களில் எஃகுத் தகடுகளை அடித்து இறக்கிக் கட்டியது. தண்ணீர் வற்றும்போது மட்டம் எங்கே நிற்குமோ, அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம் படியும். நுண்ணுயிர் வேலை. சுரண்டினால் அடியில் எஃகு பளபளவென்றிருக்கும். வழக்கமான துருவைவிடப் பல மடங்கு வேகத்தில் தகடு தேய்கிறது என்று அர்த்தம். முத்துக்குளிப்பவர் மாதிரி ஆள் இறங்கித் தடிமன் அளந்துதான் பார்க்க வேண்டும். துறைமுகம் ஓடியபோது இந்தச் செலவைத் துறைமுக வருமானம் தாங்கியது. இப்போது அந்தச் சுவர் தாங்குவது ஒரு நடைபாதையை, அதில் வருமானம் கிடையாது.

இப்படியொரு இடத்தில் வீடு வாங்கவிருந்த தோழி, விற்பனைப் பத்திரத்தின் நகலை என்னிடம் காட்டினாள். மண் அறிக்கை பற்றி இரண்டு பத்தி, ஒழுங்காகவே இருந்தது. கரைச்சுவர் "பொது வசதிகள்" என்ற தலைப்பில், நீச்சல் குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவில் இருந்தது. பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று ஒரே வரி. சுவரின் நீளம், தகடு இறக்கிய வருஷம், கடைசியாக யார் தடிமன் அளந்தார்கள், எதுவும் இல்லை. கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. நீச்சல் குளத்தின் ஓடு என்ன நிறம் என்று மட்டும் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.